மருத்துவ உதவியாளர் சான்றிதழ்: அளிப்பது யார், ஏற்பது யார்?

அமெரிக்காவில் குடும்ப மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் செல்லும் நோயாளி, மருத்துவரைக் காண்பதற்கு முன்னர் இன்னொருவரிடம் சில நிமிடங்களைச் செலவிடுகிறார். காத்திருப்போர் அறைக்கு வந்து பெயர் சொல்லி அழைப்பவர் அவர். எடை, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை ஒன்றுவிடாமல் கேட்டுக் கணினியில் பதிகிறார். மருத்துவர் பணித்தால் இரத்தம் எடுப்பதும், ஈ.சி.ஜி. எடுப்பதும், பல மாநிலங்களில் தடுப்பூசி போடுவதும் அவரே. நோயாளி வீடு திரும்பிய பிறகு காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து முன் அனுமதிக்காக மன்றாடுபவரும் பெரும்பாலும் இவர்தான்.

நீல நிறச் சீருடை அணிந்திருப்பதால் இவரைச் செவிலியர், அதாவது இலங்கை வழக்கில் தாதி, என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் இவர் செவிலியர் அல்லர், மருத்துவ உதவியாளர். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரத் துறையின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் அந்நாட்டில் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர் இப்பணியில் இருந்தனர். 2033ஆம் ஆண்டு வரையிலான பத்தாண்டுகளில் இவ்வெண்ணிக்கை 15 சதவீதம் உயரும் என்று அத்துறை மதிப்பிட்டது. எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வளர்ச்சி 4 சதவீதம் மட்டுமே.

ஓராண்டுக்குள் கற்று முடிக்கக்கூடிய, மருத்துவத் துறையோடு ஒட்டிய, அலுவலக நேரத்தில் செய்யக்கூடிய வேலை என்பதால், அமெரிக்காவில் புதிதாகக் குடியேறுவோரை இது பெரிதும் ஈர்க்கிறது. தமிழர்களும் இதற்கு விலக்கல்லர். எனினும் இத்தொழிலுக்குள் நுழைவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று விளம்பரங்களில் சொல்லப்படுவதில்லை. 'சான்றிதழ் பெற்ற மருத்துவ உதவியாளர்' என்ற தகுதியைப் பெரும்பாலான மாநிலங்களில் அரசு வழங்குவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசு அதனைக் கட்டாயமாக்கவும் இல்லை. அதை வழங்குபவை தனியார் அமைப்புகள். அவையும் ஒன்றல்ல, பல.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் 'மருத்துவ உதவியாளர்' என்று எழுதினால் அது குறைந்தது மூன்று வெவ்வேறு தொழில்களைக் குறிக்கக்கூடும். அமெரிக்காவிலேயே 'பிஸிஷியன் அசிஸ்டென்ட்' என்று ஒரு தொழில் இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் இராணுவ மருத்துவப் பிரிவில் அனுபவம் பெற்றுத் திரும்பியவர்களை மனத்தில் கொண்டு, 1965ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது அது. இன்று அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அவர்கள் நோயறிந்து மருந்து எழுதித் தருகிறார்கள். 2023ஆம் ஆண்டில் அவர்களது இடைநிலை ஆண்டு ஊதியம் 1,30,020 டாலர். அதே ஆண்டில் 'மெடிக்கல் அசிஸ்டென்ட்' என்போரின் இடைநிலை ஊதியம் 42,000 டாலர். தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும் சம்பளத்தைக் கேட்டு வேறொரு படிப்பில் சேர்ந்துவிடும் அபாயம் உண்டு.

மலேசியத் தமிழர்களுக்கு இச்சொல் முற்றிலும் வேறொரு நினைவைத் தரும். இரப்பர்த் தோட்டங்களின் சிறு மருத்துவமனைகளில் 'டிரஸ்ஸர்' என்று அழைக்கப்பட்டவர் தோட்ட மக்களுக்கு ஏறத்தாழ மருத்துவராகவே விளங்கினார். மலேசியாவில் மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1977ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாண்டு டிப்ளோமா பெற்ற அவர்கள் பின்னர் 'உதவி மருத்துவ அதிகாரி' என்று பெயர் மாற்றப்பட்டனர். இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் தோட்ட மருத்துவ உதவியாளர் தாமே நோயாளியைப் பார்த்து மருந்து கொடுத்தவர். இந்த மரபை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் பணியை அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்க மருத்துவ உதவியாளருக்குத் தாமாக முடிவெடுக்கும் அதிகாரம் அநேகமாக எதுவும் இல்லை.

இதோடு முடியவில்லை. சி.எம்.ஏ. என்ற மூன்று எழுத்துகள் சில மாநிலங்களில் முதியோர் இல்லங்களில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பணியாளரையும் குறிக்கின்றன. சி.என்.ஏ. என்பவர் வேறு, அவர் நோயாளியைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் படுக்கையில் புரட்டவும் பயிற்சி பெற்ற செவிலிய உதவியாளர். 1987ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி முதியோர் இல்லங்களில் பணியாற்ற அவருக்குக் குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அவரது தகுதி மாநிலப் பதிவேட்டில் இடம்பெறுகிறது. படிநிலையில் கீழாகக் கருதப்படும் அந்தப் பணிக்கு அரசுப் பதிவேடு உண்டு; அதைவிட நீண்ட பயிற்சி பெறும் மருத்துவ உதவியாளருக்குப் பெரும்பாலான இடங்களில் அது இல்லை. அமெரிக்கச் சுகாதார நிர்வாகத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

சங்கம் தந்த தகுதி

இத்தொழிலுக்கு ஒரு தகுதிப் பெயரைத் தேடிக் கொடுத்தவர்கள் அரசியல்வாதிகள் அல்லர்; மருத்துவர்களின் அலுவலகங்களில் வேலை செய்த பெண்களே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ உதவியாளர் சங்கம் அமைக்கப்பட்டது. மேக்சின் வில்லியம்ஸ் அதன் முதல் தலைவர். அதுவரையில் இவர்கள் 'டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண்' என்ற அளவிலேயே அறியப்பட்டனர். தட்டச்சும் தெரிந்திருக்க வேண்டும், ஊசியைக் கொதிநீரில் சுத்தம் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. சங்கம் 1963ஆம் ஆண்டில் தனது சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியது. சி.எம்.ஏ. என்ற பட்டம் அங்கிருந்து வந்ததே.

ஆரம்பத்தில் அனுபவம் உள்ளவர்களும் இத்தேர்வை எழுதலாம் என்றிருந்தது. 1998ஆம் ஆண்டில் அந்தக் கதவு மூடப்பட்டது. சி.ஏ.ஏ.எச்.இ.பி., ஏ.பி.எச்.இ.எஸ். என்ற இரு அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பாடநெறியில் தேறியவர்களுக்கே தேர்வு என்ற நிபந்தனை வந்தது. பிற்காலத்தில் அக்கதவு சற்றே திறக்கப்பட்டிருக்கிறது என்றாலும், அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியே பிரதான வழியாக நீடிக்கிறது.

தேர்வு கணினியில் நடைபெறுகிறது. மொத்தம் 200 வினாக்கள். அவற்றில் 180 வினாக்களுக்கே மதிப்பெண். எஞ்சிய 20 எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அவை என்பது தேர்வெழுதுபவருக்குத் தெரியாது. நாற்பது நாற்பது நிமிடங்களாக நான்கு பகுதிகள். உடற்கூறு, மருந்தளவுக் கணக்கு, நோய்த்தொற்றுத் தடுப்பு, மருத்துவச் சட்டம், காப்பீட்டுக் குறியீடுகள் என்று கேள்விகள் விரிந்து செல்லும். பாதிக்கு மேற்பட்டவை நோயாளியை நேரடியாகக் கையாளும் பணி சார்ந்தவை. ஒருமுறை தேறியவர் 60 மாதங்களுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி மூலம் 60 புள்ளிகள் சேர்க்க வேண்டும், அல்லது மீண்டும் தேர்வெழுத வேண்டும்.

இச்சங்கத்திற்குப் போட்டியாளர்களும் உண்டு. அமெரிக்கன் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்ஸ் என்ற பழைய அமைப்பு 1970களிலிருந்து ஆர்.எம்.ஏ. என்ற தகுதியை வழங்கி வருகிறது. 1989ஆம் ஆண்டில் தோன்றிய நேஷனல் ஹெல்த்கேரியர் அசோசியேஷன் வழங்குவது சி.சி.எம்.ஏ. இவ்விரு அமைப்புகளும் பாடநெறி முடித்தவர்களோடு, குறிப்பிட்ட காலம் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றிய அனுபவம் உடையவர்களையும் ஏற்கின்றன. ஏற்கெனவே ஒரு மருத்துவரிடம் வேலை பார்த்துக்கொண்டே தகுதி பெற விரும்புவோருக்கு இது முக்கியமான வேறுபாடு. எது உயர்ந்தது என்ற விவாதத்தில் ஒவ்வோர் அமைப்பும் தனது சான்றிதழையே முன்னிறுத்தும் என்பது சொல்லாமலே விளங்கும். நடைமுறையில், வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணும் ஊரின் மருத்துவமனைக் குழுமங்கள் தமது அறிவிப்புகளில் எந்தப் பெயரைக் கேட்கின்றன என்பதே தீர்ப்பு. படிப்பில் சேர்வதற்கு முன்னரே அத்தகைய பத்து அறிவிப்புகளைப் படித்துப் பார்ப்பது, எந்தக் கல்லூரியின் ஆலோசகரிடம் பேசுவதையும் விடப் பயனுள்ளது.

ஆற்றைக் கடந்தால் விதி வேறு

ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் நியூயார்க். மறுகரையில் ஏராளமான இந்தியக் குடும்பங்கள் வாழும் நியூ ஜெர்ஸி. நியூயார்க் மாநிலம், உரிமம் இல்லாத மருத்துவ உதவியாளர் ஊசி போடுவதைப் பல்லாண்டுகளாகத் தடுத்து வந்திருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கலாம், இரத்தம் எடுக்கலாம், ஆனால் உடலுக்குள் மருந்தைச் செலுத்தக்கூடாது. நியூ ஜெர்ஸியிலோ உரிய பயிற்சியும் சான்றிதழும் பெற்ற உதவியாளர், மருத்துவரின் மேற்பார்வையில் ஊசி போட விதிகள் இடமளிக்கின்றன. ஒரே பயிற்சி, ஒரே கைகள். பாலத்தின் எந்தப் பக்கம் வேலை என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

கலிபோர்னியாவின் அணுகுமுறை இன்னொரு விதம். சான்றிதழ் கட்டாயமல்ல என்ற போதிலும், பயிற்சியின் அளவைச் சட்டம் எண்ணிச் சொல்கிறது. ஊசி போடுவதற்கு 10 மணி நேரப் பயிற்சி, இரத்தம் எடுப்பதற்கு 10 மணி நேரம். ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து முறையாவது திருப்திகரமாகச் செய்து காட்டியிருக்க வேண்டும். நரம்பு வழியாகச் சலைன் ஏற்றத் தொடங்குவது, பரிசோதனை முடிவுகளுக்கு விளக்கம் சொல்வது, தொலைபேசியில் நோயாளியின் நிலையை மதிப்பிட்டு 'உடனே வாருங்கள்' அல்லது 'நாளை பார்க்கலாம்' என்று முடிவு சொல்வது ஆகியவை அங்கு அனுமதிக்கப்படுவதில்லை.

இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்டதில்தான் பலர் சிக்கிக்கொள்கின்றனர். ஊசி போடாதே என்றால் புரிகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று தொலைபேசியில் சொல்லும் முதியவரிடம் 'வாயுவாக இருக்கும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஆறுதல் சொல்வது குற்றமாகலாம் என்பது உடனே புரிவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கேட்கலாம்; பதிலைக் குறித்து மருத்துவரிடம் சேர்க்கலாம். பதிலுக்குப் பொருள் சொல்வது வேறொருவரின் தொழில். உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாகவோ செவிலியப் பணி செய்ததாகவோ புகார் எழும்போது, 'டாக்டர் சொன்னார், செய்தேன்' என்ற பதில் எப்போதும் காப்பாற்றாது.

வாஷிங்டன் மாநிலம் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. 2012ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் மூலம், 2013 ஜூலை முதல் மருத்துவ உதவியாளர்களை மாநிலச் சுகாதாரத் துறையே பல வகையாகப் பிரித்துப் பதிவு செய்து வருகிறது. சான்றிதழ் பெற்றவர், பதிவு பெற்றவர், இரத்தம் எடுப்பவர், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் பணியாற்றுபவர் என்பன அவற்றுள் சில. ஒவ்வொரு வகையினரும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் கண்ணோட்டத்தில் இதுவே நேர்மையான ஏற்பாடு எனலாம். ஆயினும் ஏனைய மாநிலங்கள் இதனைப் பின்பற்ற விரைந்து முன்வரவில்லை.

கணினி கொண்டுவந்த மாற்றம்

கட்டாயமில்லாத ஒரு சான்றிதழை வேலை தருவோர் ஏன் கேட்கிறார்கள்? நோயாளிகளின் பாதுகாப்பு, வழக்கு வந்தால் தற்காப்பு ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றோடு மத்திய அரசின் ஒரு விதியும் சேர்ந்துகொண்டது.

2009ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக, மருத்துவப் பதிவுகளைக் கணினிமயமாக்கும் மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் வந்தது. அத்தொகையைப் பெற வேண்டுமானால் மருந்துச் சீட்டு, ஆய்வுகூடப் பரிசோதனை போன்ற ஆணைகளில் குறிப்பிட்ட பங்கு கணினி வழியே பதியப்பட வேண்டும். யார் பதியலாம் என்ற கேள்வி எழுந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் கட்ட விதிகள், உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர்களோடு, வேலை தருபவர் அல்லாத வெளியமைப்பு ஒன்றிடம் சான்றிதழ் பெற்ற மருத்துவ உதவியாளர்களையும் ஏற்றுக்கொண்டன. சான்றிதழ் இல்லாதவர் விசைப்பலகையில் தட்டியது கணக்கில் வராது. அத்திட்டத்தின் பெயரும் வடிவமும் பின்னர் மாறிவிட்டன. ஆனால் அந்த ஆண்டுகளில் பெரிய மருத்துவக் குழுமங்கள் பழக்கப்படுத்திக்கொண்ட 'சான்றிதழ் உள்ளவரே வேண்டும்' என்ற வழக்கம் நிலைத்துவிட்டது.

ஒரு தொழிலின் தகுதியை மாநிலச் சட்டமன்றங்கள் அரை நூற்றாண்டாகத் தீர்மானிக்கத் தயங்கிய நிலையில், ஊக்கத்தொகைப் படிவத்தின் ஒரு வரி அதனைப் பெருமளவு தீர்மானித்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

கல்லூரியும் கடனும்

இத்தொழிலின் கசப்பான அத்தியாயம் பயிற்சிக் கூடங்களில் எழுதப்பட்டது. எவரெஸ்ட், ஹீல்ட், வையோடெக் என்ற பெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்களை நடத்திய கொரிந்தியன் கல்லூரிகள் என்ற இலாப நோக்கு நிறுவனத்தின் முக்கியப் படிப்புகளில் மருத்துவ உதவியாளர் படிப்பும் ஒன்று. பகல்நேரத் தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம், வேலையின்றி வீட்டிலிருப்போரையும் தனித்து வாழும் தாய்மாரையும் அது தேடிச் சென்றது. படித்து முடித்தோரில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அது வெளியிட்ட கணக்குகள் தவறானவை என்று கலிபோர்னியாவின் அப்போதைய தலைமை வழக்கறிஞர் கமலா ஹாரிஸ் 2013ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தார். சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தாயின் மகளான அவர், பின்னாளில் நாட்டின் துணை அதிபரானார்.

2015 ஏப்ரலில் மத்தியக் கல்வித்துறை ஹீல்ட் கல்லூரிக்கு சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. அம்மாத இறுதியில், எஞ்சியிருந்த 28 வளாகங்களையும் கொரிந்தியன் ஒரே நாளில் மூடியது. சுமார் 16 ஆயிரம் மாணவர்கள் பாதிப் படிப்போடு வெளியே நின்றனர். 2016இல் கலிபோர்னிய நீதிமன்றம் அந்நிறுவனத்திற்கு எதிராக 110 கோடி டாலருக்குத் தீர்ப்பளித்தது. ஆனால் திவாலாகிவிட்ட நிறுவனத்திடம் வசூலிக்க எதுவும் இருக்கவில்லை. 2022 ஜூன் மாதத்தில்தான் கல்வித்துறை, கொரிந்தியனில் படித்த சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் மத்தியக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கல்லூரி மூடப்பட்டு ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்நிறுவனம் மறைந்தாலும் அதன் விற்பனை முறை மறைந்துவிடவில்லை. எனவே 'அங்கீகாரம்' என்ற சொல்லை யாரேனும் உச்சரித்தால், எதன் அங்கீகாரம் என்று கேட்பது அவசியமாகிறது. கல்லூரி முழுவதற்கும் ஓர் அமைப்பு தரும் அங்கீகாரம் வேறு. மருத்துவ உதவியாளர் பாடநெறிக்கென்று தரப்படும் அங்கீகாரம் வேறு. முன்னது இருந்தால் மாணவர் மத்தியக் கடன் பெறலாம். பின்னது இருந்தால்தான் சி.எம்.ஏ. தேர்வுக்கான நேர்வழி திறக்கும். முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாக மாணவர் நம்பிக்கொள்ளும்படி பேசுவது விற்பனையாளர்களுக்குக் கைவந்த கலை. இரு அங்கீகார அமைப்புகளும் தாம் ஏற்ற பாடநெறிகளின் பட்டியலைப் பகிரங்கமாகவே வைத்துள்ளன. பெயரைத் தேடிப்பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அரசின் சமூகக் கல்லூரிகளில் இதே படிப்பு பொதுவாக மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. ஏறத்தாழ ஓராண்டுச் சான்றிதழாகவோ, ஈராண்டு இணைப்பட்டமாகவோ படிக்கலாம். சி.ஏ.ஏ.எச்.இ.பி. அங்கீகாரம் பெற்ற பாடநெறியில், மருத்துவர் அலுவலகம் ஒன்றில் குறைந்தது 160 மணி நேரம் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி பெற வேண்டும். இது பெரும்பாலும் ஊதியமற்றது. பகலில் நடப்பதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் படிப்பைக் கைவிடும் இடமும் இதுவே. அப்பயிற்சி இடத்தைக் கல்லூரியே தேடித் தருமா, மாணவர் தாமே தேட வேண்டுமா என்பது சேரும்போதே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய பதில். முற்றிலும் இணையவழியில் நடத்தப்படும் மலிவான பாடநெறிகள் பல, அந்தக் கேள்விக்குத்தான் தெளிவாகப் பதில் சொல்வதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. மருத்துவ உதவியாளராகி, அப்படியே செவிலியராக உயர்ந்துவிடலாம் என்பது அது. இரண்டும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. மருத்துவ உதவியாளர் படிப்பின் பாடங்கள் செவிலியர் படிப்பில் பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. சமூகக் கல்லூரியில் படித்த உடற்கூறு, ஆங்கிலம் போன்ற பொதுப்பாடங்கள் மட்டும் சில வேளைகளில் கைகொடுக்கும். 2023இல் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 86,070 டாலர். மருத்துவ உதவியாளர் பெறுவதைப் போல் இரு மடங்குக்கு மேல். செவிலியராவதே இறுதி விருப்பம் என்றால், இந்தச் சுற்றுவழி காலத்தையும் பணத்தையும் தின்றுவிடக்கூடும்.

வந்து சேரும் தமிழர்கள்

அமெரிக்கத் தமிழர்களிடையே இத்தொழிலை நாடுவோர் ஒரே வகையினர் அல்லர். எச்-1பி விசாவில் பணியாற்றும் மென்பொருள் பொறியாளர்களின் துணைவியர் பலர், எச்-4 விசாவில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய அனுமதியின்றி இருந்தனர். 2015 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதி, நிரந்தரக் குடியுரிமைக்கான நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய குடும்பங்களின் துணைவருக்கு மட்டும் வேலை அனுமதி பெற வழிவகுத்தது. எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. வேலை செய்யத்தான் தனி அனுமதி. படிப்பு முடியும் தறுவாயில் அனுமதி கைக்கு வராவிட்டால் சான்றிதழ் அலமாரியில் உறங்கும். படிப்பில் சேரும் நாளைத் தீர்மானிப்பதற்கு முன்னர் இதைத் தகுதிவாய்ந்த குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

இன்னொரு சாரார் தமிழகத்திலோ இலங்கையிலோ செவிலியராகவோ மருத்துவராகவோ இருந்தவர்கள். செவிலியர் என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வையும், மருத்துவர் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளையும் அதன் பின் உறைவிடப் பயிற்சியையும் கடக்க வேண்டும். அந்த நீண்ட இடைக்காலத்தில் வீட்டு வாடகை காத்திருப்பதில்லை. ஆகவே மருத்துவ உதவியாளர் பணியில் சேர்கிறார்கள். நாடித்துடிப்பைத் தொட்டதும் நோயை ஊகிக்கக்கூடிய ஒருவர், எண்ணை மட்டும் எழுதிவிட்டு வாய்மூடி வெளியே வரவேண்டிய பணி இது. அறிந்ததைச் சொல்லிவிடும் உந்துதலே இவர்களுக்குப் பெரிய ஆபத்து. இவர்களது பழைய தகுதியை அமெரிக்கச் சட்டம் கண்டுகொள்வதில்லை. பணியில் இருக்கும் வரை அவர் உதவியாளர் மட்டுமே.

தமிழ் தெரிந்த உதவியாளருக்கு வேறொரு வேண்டுகோளும் வரும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த முதியவருக்கு ஆங்கிலம் தெரியாத நிலையில், 'நீங்களே மொழிபெயர்த்துவிடுங்கள்' என்று மருத்துவர் கேட்பார். மத்திய நிதி பெறும் மருத்துவ நிலையங்களில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரையே பயன்படுத்த வேண்டும் என்பது, ஒபாமா காலச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் வந்த விதிகளின் நிலைப்பாடு. இரு மொழி பேசுவதே தகுதியாகிவிடாது. வணக்கம் சொல்லி அமர வைப்பது ஒன்று. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை விளக்குவது மற்றொன்று. மொழித்திறனை நிறுவனம் முறைப்படி சோதித்து, அதைப் பணி விவரத்தில் சேர்த்துக்கொண்டால் அது உதவியாளருக்கும் பாதுகாப்பு. ஊதியம் பேசும்போதும் பயன்படும்.

ஊசி முனை காயப்படுத்தும் அபாயத்தையும் மறந்துவிடலாகாது. இரத்தத்தோடு தொடர்புள்ள பணியில் இருப்போருக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை, பணியில் அமர்த்திய பத்து வேலை நாட்களுக்குள் இலவசமாக அளிக்க முன்வர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1991ஆம் ஆண்டின் மத்திய விதி கூறுகிறது. சிறிய மருத்துவ நிலையங்களில் இதைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கலாம். கேட்பது உரிமை, சலுகையன்று.

பயிற்சிக்குப் பணம் கொடுப்பவர் யார்?

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இந்த அமெரிக்கக் கதை வியப்பளிக்கலாம். ஜெர்மனியில் மருத்துவர் நிலையத்தில் பணிபுரிவோருக்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. 'ஆர்ஸ்ட்ஹெல்ஃபரின்', அதாவது மருத்துவரின் உதவிப் பெண், என்ற பழைய பெயர் 2006ஆம் ஆண்டில் மாற்றப்பட்டு, 'மருத்துவத் துறைப் பணியாளர்' என்ற பொருள் தரும் பெயர் சூட்டப்பட்டது. வாரத்தின் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் ஏனைய நாட்கள் மருத்துவரிடமும் கழிகின்றன. பயிற்சிக் காலத்திலேயே மாத ஊதியம் உண்டு. இறுதித் தேர்வை மருத்துவர் மன்றம் நடத்துகிறது. சுவிட்சர்லாந்திலும் இதற்கு மூன்றாண்டுப் பயிற்சியும், நாடெங்கும் செல்லுபடியாகும் கூட்டரசுச் சான்றிதழும் உண்டு. இந்நாடுகளில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பின் பின் திறந்திருக்கும் தொழிற்பயிற்சிகளில் இதுவும் ஒன்று.

அங்கும் இப்பணியின் ஊதியம் போதாது என்ற முறைப்பாடு நீண்டகாலமாக உண்டு. ஆனால் கற்றுக்கொள்வதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டின் 42,000 டாலர் இடைநிலை ஊதியத்தை முழுநேர வேலைக்குக் கணக்கிட்டால் மணிக்கு சுமார் 20 டாலர் வருகிறது. அந்த ஊதியத்தில் பயிற்சிக் கடனையும் அடைக்க வேண்டும், கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்ஸியிலோ வாடகையும் கொடுக்க வேண்டும். மருத்துவ உதவியாளர் கிடைக்கவில்லை என்று மருத்துவ நிலையங்கள் குறைப்படுவதற்கும், பயிற்சி பெற்றவர்கள் சில ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விடுவதற்கும் இதனோடு தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

ஜெர்மானிய முறையின் சாயலை அமெரிக்காவிலும் சில இடங்களில் காணலாம். தொழிலாளர் துறையில் பதிவு செய்யப்பட்ட தொழில் பழகுநர் திட்டங்களில் மருத்துவ உதவியாளர் பணியும் சேர்ந்துள்ளது. வாஷிங்டன் மாநிலத்தில் சமூக மருத்துவ நிலையங்கள் இத்தகைய பழகுநர்களை ஊதியத்துடன் எடுத்துப் பயிற்றுவிக்கின்றன. மாநிலத்தின் சான்றிதழ் விதிகளும் இப்பயிற்சியைத் தகுதியாக ஏற்கின்றன. மருத்துவமனைக் குழுமங்கள் சிலவும் ஆட்பற்றாக்குறையின் காரணமாகத் தாமே பள்ளி நடத்தத் தொடங்கியுள்ளன. பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் தம்மிடமே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தை அவை கேட்பதுண்டு. இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதையும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.